கடல் ஏறும் வேளையும் காமிராக் கலையும்



சிங்கப்பூரின் வடமேற்குக் கரையில், ஜொகூர் நீரிணையை நோக்கிக் கிடக்கும் சுங்கை பூலோ ஈரநிலத்தில், காமிராவும் கையுமாகப் பறவைகளை நாடிச் செல்வோர் பயிலும் கலையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அதன் உயர்வு நிலத்தின் இயல்பை அறிந்து அதற்கு இணங்கி நிற்கும் விவேகத்தைச் சார்ந்தது என்பதே என் அபிப்பிராயம்.

முன்னாளில் இறால் வளர்க்கும் குளங்களாக இருந்த அந்நிலத்தில் வலசைப் பறவைகள் திரள்வதை 1986-ஆம் ஆண்டில் இயற்கை ஆர்வலர் சிலர் கண்டு, அதைக் காக்க வேண்டுமென்று வாதாடியதன் பயனாக, 1989-இல் 87 ஹெக்டேர் ஒதுக்கப்பட்டு, 1993-இல் பூங்காவாகத் திறக்கப்பட்டு, 2002-இல் 130 ஹெக்டேர் பரப்புள்ள காப்பகமாயிற்று. இறால் குளங்களுக்குரிய மதகுகளே இன்றும் அவ்விடத்தின் ஜீவநாடி. கடல் ஏறி வெளிச் சேற்றுப் பரப்பு மூழ்கும் சமயத்தில், உள்ளே குளத்து நீர் மதகினால் தாழ்த்தப்பட்டிருப்பதால், அதுவரை வெளியே இரை பொறுக்கிய உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் வளைந்த நெடுமூக்குக் கோட்டான்களும் கால் ஊன்ற இடம் நாடி உள்ளே வந்து இறங்குகின்றன. ஆகையால், ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்து, நீர் ஏறுமுன்பே மறைவுக் குடிலில் அமர்ந்து காத்திருப்பவரிடம் பறவை தானே வருகிறது. துரத்திச் செல்பவருக்கு அதன் முதுகுதான் கிட்டும்.

வெண்கொக்கைப் படமெடுப்பது தனி வித்தை. கருஞ்சேற்றின் முன்னே அது நிற்கையில், கருவி இருளை அளவாகக் கொண்டு அதிக வெளிச்சத்தை உள்ளே விட்டுவிடுவதால், இறகின் நுண்ணிய வரிகளெல்லாம் வெளுத்து அழிந்துபோகின்றன. ஒளியளவைச் சற்றுக் குறைத்து, சேறு கறுத்தாலும் சரி, இறகு பிழைக்கட்டும் என்று துணிபவரே அந்தச் சௌந்தரியத்தைக் காப்பாற்றுகிறார். வெயில் ஏறிய பின்னரோ, சேற்றிலிருந்து எழும் கானல் எத்தனை விலையுயர்ந்த லென்ஸின் கூர்மையையும் கலைத்துவிடும்.

கண்ணும் அலகும் சட்டம் முழுவதையும் நிறைக்கும் படத்தையே பலர் இக்கலையின் சிகரமாகக் கொண்டாடுகிறார்கள். அதில் பயிற்சி தெரிகிறது, மறுக்கவில்லை. ஆயினும், அலையாத்தி மரத்தின் மூச்சுவேர்களும், ஈரச் சேற்றில் பதிந்த காற்சுவடுகளும், நீரிணைக்கு அப்பால் மங்கித் தெரியும் ஜொகூரின் மாடக் கட்டிடங்களும் சேர்ந்திருக்க, நடுவே சிறியதாய் நிற்கும் பறவையின் படத்தையே நான் மேலாக மதிக்கிறேன், ஏனெனில் இத்தனை நெருக்கடிக்கு நடுவே அப்பறவைக்கு எஞ்சிய இடம் எவ்வளவு என்பதை அது பிரத்தியட்சமாகக் காட்டுகிறது.

பறக்கும் காட்சியை விரும்பிக் கைதட்டிக் கூட்டத்தைக் கலைப்பது பெரும் பாதகம். சைபீரியாவின் தூந்திர வெளியில் குஞ்சு பொரித்து இங்கே குளிர்காலத்தைக் கழிக்க வரும் பொன்னிற உப்புக்கொத்தி, திரும்பிச் செல்வதற்காக உடலில் சேமிக்கும் கொழுப்பே அதன் வழிச்செலவு. நாம் வீணாக எழுப்பும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு பங்கு கரைகிறது. அவ்வாறு எடுத்த படம் எத்தனை அழகியதாயினும், அதை நான் கலையென்று ஏற்கமாட்டேன்.

செப்டம்பர் முதல் மார்ச் வரை நீடிக்கும் வலசைக் காலம் கழிந்தபின் அங்கே செல்வதில் பயனில்லை என்று எண்ணிவிடாதீர்கள். நீர் உடும்பும், கூட்டமாய் நீந்தும் நீர்நாய்களும், அதிர்ஷ்டமிருந்தால் உவர்நீர் முதலையும் ஆண்டு முழுவதும் தென்படக்கூடும். முதலை தென்பட்டால் பாதையை விட்டு ஓர் அடியும் இறங்கலாகாது. புதிதாகப் பழகுவோருக்கு நான் சிபாரிசு செய்வது சேற்றுத் தாவி மீனை. முதுகுத் துடுப்பை விரித்துத் தன் எல்லைக்காகப் போராடும் அந்தச் சிறு பிராணியைப் பலகைப் பாதையில் நின்றபடியே, சாதாரண லென்ஸைக் கொண்டே படம் பிடிக்கலாம். அதற்கு மட்டும் கடல் வற்றியிருக்கும் வேளையைத் தேர்ந்துகொள்ளுங்கள்.