கூடப்பிறந்தவங்களுக்குள்ள கடன் இல்லை, பங்கு உண்டு

(சேரி இளைஞர்கள் கூட்டிய கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘ஊனமும் குடும்பமும்’ என்று தலைப்புக் கொடுத்து என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க. இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாக ரெண்டு வார்த்தையைச் சொல்வார்கள். ஒன்று பாவம், இன்னொன்று தியாகம். கால் வராதவன் பாவம். அவனைப் பார்த்துக்கிற அக்கா, தங்கச்சி செய்யிறது தியாகம். இந்த ரெண்டு வார்த்தையுமே நமக்கு எதிரானவை என்று சொல்லத்தான் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு மேடை ஏறியிருக்கிறேன்.

எனக்கு ஒன்றரை வயசில் காய்ச்சல் கண்டு வலது கால் சூம்பிப் போச்சு. இளம்பிள்ளை வாதம். அப்ப அம்மா ஆறு மாசம் முழுகாம இருந்தாங்க. பிறந்தது பொண்ணு. எங்க தெருவில் என்ன பேசினாங்க தெரியுமா? “அண்ணன் காலை முழுங்கிட்டுப் பொறந்தவ.” வெளையாட்டுக்குச் சொன்னவங்களும் உண்டு, நம்பிச் சொன்னவங்களும் உண்டு. அந்தப் புள்ளைக்கு அது வெளையாட்டா இல்ல. அஞ்சு வயசில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “நான் திருப்பிக் குடுத்துட்டா ஒனக்குக் கால் வந்துடுமாண்ணா?” என்று கேட்டவள் அவள். நடக்கிற ஒவ்வொரு அடியும் அண்ணன்கிட்ட எடுத்தது என்று நினைத்து வளர்ந்த புள்ளை.

இந்தக் குற்ற உணர்வு அவள் மனசில் தானா முளைக்கவில்லை. விதைத்தது யார்? மனுதர்மத்தைப் புரட்டுங்கள். 11ஆம் அத்தியாயத்தில் உடல் குறைகளுக்கு ஒரு பட்டியலே இருக்கு. எந்தப் பாவத்துக்கு எந்தக் குறை என்று கணக்கு. குதிரை திருடினவனுக்குக் கால் ஊனமாம். எங்க சேரியில் குதிரை வச்சிருந்தவன் எவன், திருடுறதுக்கு? அடுத்த 12ஆம் அத்தியாயம், பிராமணனைக் கொன்றவன் நாயாய், பன்றியாய், சண்டாளனாய்ப் பிறப்பான் என்கிறது. கால் சூம்பினதுக்கும் சேரியில் பிறந்ததுக்கும் ஒரே விளக்கம்: போன சென்மத்து வினை. ரெண்டாவதை நாம் காறித் துப்பிவிட்டோம். முதலாவது மட்டும் இன்னும் நம்ம வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கு. ஊனமான பிள்ளை பிறந்தால் “எந்த சென்மத்துப் பாவமோ” என்று சொல்கிற நம்ம பாட்டிகளைக் கேளுங்கள். அந்தப் பேச்சு மனுவோட பேச்சுதான்.

போலியோ எப்படிப் பரவுது? மலத்தில் கிருமி இறங்கி, தண்ணி வழியா, கை வழியா இன்னொரு குழந்தை வாய்க்குப் போகுது. குடிநீருக்கும் சாக்கடைக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி இல்லாத இடம் எது? சேரி. சொட்டு மருந்து சரியா வந்து சேராத இடம் எது? அதுவும் சேரி. 1995இல் பல்ஸ் போலியோ என்று ஆரம்பிச்சாங்க. 2011 ஜனவரி 13க்குப் பிறகு இந்த நாட்டில் காட்டுப் போலியோ வைரஸால் ஒரு குழந்தைக்கும் கால் போகவில்லை. 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே கொடுத்துவிட்டது. முன்வினை என்றால் சொட்டு மருந்துக்கு எப்படிப் பயந்து ஓடும்? 2011 கணக்கெடுப்பைப் பாருங்கள். மொத்த மக்களில் ஊனமுற்றோர் 2.21 சதவீதம். அட்டவணைச் சாதியினரில் 2.45. இந்த வித்தியாசத்துக்கு எந்தச் சாமி கணக்கு எழுதிச்சு?

என் தங்கச்சியை விடுங்க, என் கதைக்கு வர்றேன். எனக்கும் ஒரு குற்ற உணர்வு உண்டு. அது வேற தினுசு. “இவனால ஏர் பிடிக்க முடியாது, படிக்கட்டும்” என்று அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். சிலேட்டையும் பையையும் தூக்கிக்கிட்டு, தோளை எனக்குக் கைப்பிடியாக் கொடுத்து நடந்தவள் தங்கச்சி. அஞ்சாம் வகுப்போட அவளை நிறுத்திட்டாங்க. நாத்து நடவும் களை எடுக்கவும் கை வேணும். நல்ல கால் இருந்த புள்ளை வயலுக்குப் போச்சு. கால் இல்லாதவன் பேனா பிடிச்சேன். அவள் கூலியில் என் பரீட்சைக் கட்டணம் போச்சு. ரேஷன் கடையில் கையெழுத்துப் போட அவள் திணறும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். அவளோ பக்கத்தில் நிற்கிறவங்ககிட்ட, “எங்கண்ணன் நல்லா எழுதும், ஒங்களுக்கு மனு எழுதணுமா?” என்று பெருமையாக் கேட்பாள்.

பாருங்க, அவளுக்கு என் கால் மேல் குற்ற உணர்வு, எனக்கு அவள் எழுத்து மேல். ரெண்டு பேரும் ஒருத்தர் பங்கை இன்னொருத்தர் தின்னுட்டதா நினைச்சோம். சரியான கூலியும், பக்கத்தில் பள்ளிக்கூடமும், எனக்கு ஒரு மூணு சக்கர வண்டியும் இருந்திருந்தால் ரெண்டு பேருமே படிச்சிருப்போம். ஒரு சோத்தை ரெண்டு பேருக்குப் போட்டுவிட்டு, யார் அதிகம் தின்னது என்று எங்களையே சண்டை போட வைத்தது இந்தச் சமூகமும் அரசும். திருடினவன் வெளியே நிற்கிறான், நாங்க வீட்டுக்குள்ளே ஒருத்தரையொருத்தர் பார்த்துக் குனிகிறோம்.

அப்பா இறந்த பிறகு பாகப்பிரிவினை வந்தது. முப்பது செண்ட் நிலம், அவ்வளவுதான். சொந்தக்காரர் ஒருத்தர் எழுந்து, “நொண்டிக்கு எதுக்கு நிலம்? பெரியவன் சோறும் துணியும் குடுத்துப் பாத்துக்கட்டும். பொட்டச்சி கட்டிக்கிட்டுப் போனவ, அவளுக்கு எதுக்கு?” என்றார். கைநாட்டு வைக்கிற மனுஷன். மனுவைப் படித்தவர் இல்லை. ஆனால் 9ஆம் அத்தியாயம் 201ஆம் சுலோகம் அவர் வாயில் வந்தது. ஆண்மையற்றவன், சாதியை விட்டுத் தள்ளப்பட்டவன், பிறவிக் குருடன், செவிடன், பித்தன், ஊமை, உறுப்புக் குறைந்தவன் இவர்களுக்குச் சொத்தில் பங்கு கிடையாது. அடுத்த சுலோகம், இவர்களுக்குச் சோறும் துணியும் கொடு என்கிறது. தள்ளப்பட்டவனும் ஊனமானவனும் ஒரே பட்டியலில் நிற்பதைக் கவனியுங்கள். 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் பாபாசாகேப் கொளுத்தினாரே, அந்தப் புத்தகத்தில் இந்தப் பக்கமும் சேர்ந்துதான் எரிந்தது.

சட்டமும் மெல்ல மெல்லத்தான் மாறியது. 1928இல் ஒரு சட்டம் வந்து உடல் குறைக்காகப் பங்கை மறுக்கக்கூடாது என்றது. பிறவியிலேயே மனவளர்ச்சி குன்றியவர்களையும் மனநிலை பிறழ்ந்தவர்களையும் அப்போதும் வெளியே நிறுத்தியது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம்தான் நோயோ குறையோ காரணம் ஆகாது என்று முடித்து வைத்தது.

அந்தக் கூட்டத்தில் வாயைத் திறந்தவள் தங்கச்சிதான். “சோறும் துணியும் நாய்க்கும் போடுவாங்க. எங்கண்ணனுக்கு நெலத்தில பங்கு வேணும். எனக்கும் வேணும்” என்றாள். பெரியண்ணன் ஒரு வாரம் எங்ககூடப் பேசல. அப்புறம் அவரே வந்து கயிறு பிடித்து அளந்தார். ஆளுக்குப் பத்துச் செண்ட். 1995 சட்டத்தின் 3 சதவீத இடஒதுக்கீட்டில் எனக்கு வேலை கிடைத்தது அதற்குப் பிறகு. 2016 சட்டம் அதை 4 ஆக்கியிருக்கு. வேலை வந்த அன்னைக்கு நான் நிமிர்ந்தேன், உண்மை. ஆனால் வரப்பில் என் பெயருக்குக் கல் நட்ட அன்னைக்குத்தான் தங்கச்சி என் காலைப் பார்க்காம என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். என் காலுக்கு அவள் கட்டிவந்த வட்டி அன்னையோட நின்னுபோச்சு.

பெருமை பற்றியும் ஒரு வார்த்தை. சேலம் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து போன மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். காய்கறி விற்ற தாயின் மகன். நாடே பெருமைப்பட்டது, நானும் பட்டேன். ஆனால் தாண்டாத பிள்ளைகள்? பேச்சு வராத தம்பி, புத்தி தெளியாத அக்கா? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகினார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்களில் கூடப்பிறந்தவர்களும் இருந்திருப்பார்கள். வைத்தியத்துக்குப் பக்கத்தில் ஒரு வழி இல்லாமல், பகலெல்லாம் கூலிக்குப் போகவேண்டியவர்களிடம் போய், உனக்கு மனசாட்சி இல்லையா என்று நான் கேட்க மாட்டேன். வழி செய்து கொடுக்காத அரசைக் கேட்பேன்.

கடைசியாக நம்ம வீட்டு வேலை. பொண்ணு பார்க்க வருகிற அன்னைக்கு ஊனமான அண்ணனை அடுத்த வீட்டில் ஒளிக்காதீங்க. பட்டாவில் அவன் பெயரையும் போடுங்க. பார்த்துக்கிற அக்கா, தங்கச்சியைத் தெய்வம் என்று சொல்லிச் சும்மா விடாதீங்க. அவள் வேலையில் பாதியை மத்த பிள்ளைகள் எடுக்கணும், மீதிக்கு அரசிடம் உதவி கேட்டு இயக்கம் நிற்கணும். அடுத்த கூட்டத்தைப் படி இல்லாத இடத்தில் போடுங்க, என்னைத் தூக்கிவிட ரெண்டு தோழர்கள் தேவைப்படாது. வெளியே சாதிக்காரனிடம் பிச்சை வேண்டாம், பங்கு கொடு என்கிறோம். வீட்டுக்குள்ளேயும் அதே கோரிக்கைதான்.

ஜெய்பீம்.