யார் பேசுகிறார்கள்? சமூக ஊடக விளம்பரமும் தமிழும்



இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிறருடைய பொருள்களைப் புகழ்ந்து எழுதி வாழ்ந்தவன் நான். விளம்பரத்தில் உண்மைத்தன்மை என்னும் தலைப்பில் என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். ஆகவே ஒரு குற்ற ஒப்புதலோடு தொடங்குவதே முறை.

தொழிலுக்கு வந்த புதிதில், மசாலைத்தூள் நிறுவனம் ஒன்றுக்காக ஒரு வாடிக்கையாளர் கடிதம் எழுதினேன். ஈசூன் வட்டாரத்து இல்லத்தரசி ஒருவர் தம் கைப்பட எழுதியது போன்ற கடிதம். அப்படி ஓர் அம்மையார் இல்லை. கடிதம் மெய்யாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக, என் தாயார் மீன்குழம்பைச் சிறுதீயில் சுண்ட வைக்கும் முறையை அதில் சேர்த்தேன். விளம்பரம் வெளிவந்த அன்று தாயார் அதை உரக்கப் படித்துவிட்டு, "பாருப்பா, இந்த அம்மாவும் நம்ம வீட்டு மாதிரியே செய்றாங்க" என்றார். மறுநாள் கடையில் அந்தத் தூளில் இரண்டு பொட்டலம் வாங்கி வந்தார். நான் வாய் திறக்கவில்லை.

இன்று அந்தக் கடிதத்தின் இடத்தைக் காணொளி பிடித்துக்கொண்டுவிட்டது. விற்பனைத் துறையினர் எங்குக் கூடினாலும் உண்மைத்தன்மை என்பதையே முதற்சொல்லாகப் பேசுகிறார்கள். அமெரிக்காவின் மெரியம் வெப்ஸ்டர் அகராதி, 2023ஆம் ஆண்டுக்குரிய சொல்லாக அதற்கான ஆங்கிலச் சொல்லையே தேர்ந்தெடுத்தது. எதற்குத் தட்டுப்பாடு ஏற்படுகிறதோ அதைப் பற்றித்தானே மிகுதியாகப் பேசுவோம்!

தமிழில் இதற்கு மூன்று சொற்கள் வழங்குகின்றன. உள்ளத்தோடு சேர்த்து உண்மை என்றும், வாயோடு சேர்த்து வாய்மை என்றும், உடலோடு சேர்த்து மெய்ம்மை என்றும் நம் ஆசிரியர்கள் விளக்குவார்கள். சொல்லாராய்ச்சியாக இது எவ்வளவு தேறும் என்பதை அறிஞர்களுக்கு விட்டுவிடுகிறேன். விளம்பரத்தை உரைத்துப் பார்க்க இது நல்ல உரைகல்.

இந்த மாற்றம் ஏன் வந்தது? 2018ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஃபேஸ்புக் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நிறுவனங்களின் பதிவுகளைவிட நண்பர்கள், குடும்பத்தினர் ஆகியோரின் பதிவுகளுக்கே இனி முன்னுரிமை என்றது. கடைக்காரரின் குரல் தாழ்ந்தது; பக்கத்து வீட்டுக்காரரின் குரல் உயர்ந்தது. எனவே கடைக்காரர் பக்கத்து வீட்டுக்காரரை வாடகைக்கு அமர்த்தினார். இலட்சக்கணக்கானோர் பின்தொடரும் நட்சத்திரத்தைவிட, சில ஆயிரம் பேர் மட்டுமே பின்தொடரும் இளந்தாயோ மாணவரோ கூடுதலாக நம்பப்படுகிறார். கட்டணமும் குறைவு. அவருக்கு அனுப்பப்படும் குறிப்புகளை நான் பார்த்திருக்கிறேன். சிலவற்றை எழுதியும் இருக்கிறேன். ஒப்பனை வேண்டாம், கைப்பேசியிலேயே எடுங்கள், படம் சற்று ஆடினாலும் நல்லது, இரண்டு இடங்களில் தடுமாறுங்கள் என்றெல்லாம் அவற்றில் இருக்கும். தடுமாற்றத்துக்கும் ஒத்திகை!

இந்தப் பாதை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் நாடு 2015லேயே கண்டது. சிங்டெல் நிறுவனத்தின் இளையர் கைப்பேசித் திட்டத்தைப் பரப்ப அமர்த்தப்பட்ட நிறுவனம் ஒன்று, வலைப்பதிவர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பியது. போட்டி நிறுவனங்களின் சேவை மோசம் என்று குறைகூறுமாறு அதில் கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தது. அந்தக் குறிப்பு அம்பலமானதும் சிங்டெல் தன் போட்டியாளர்களிடம் மன்னிப்புக் கேட்டது. பதிவுகளைப் படித்தவர்கள் ஓர் இளையரின் சொந்தச் சலிப்பைக் கேட்பதாக நினைத்திருப்பார்கள். சலிப்பையும் விலைக்கு வாங்கலாம் என்பது அன்று பலருக்குப் புதிய செய்தி.

மறு ஆண்டு, பயனீட்டாளர் சங்கத்தின்கீழ் இயங்கும் சிங்கப்பூர் விளம்பரத் தரநிலை ஆணையம், சமூக ஊடக விளம்பரங்களுக்கென வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. பணமோ பொருளோ பெற்றுப் பேசுபவர் அதைத் தெளிவாக அறிவிக்க வேண்டும். விளம்பரம் எது, சொந்தக் கருத்து எது என்று பார்ப்பவருக்குப் புரிய வேண்டும். விருப்பக்குறிகளை விலைக்கு வாங்கிப் பெருக்கிக் காட்டக்கூடாது. நல்ல நெறிகள். ஆனால் ஒரு மொழி மன்றத்தில் நின்று நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. இந்த அறிவிப்பு எந்த மொழியில் வருகிறது?

தமிழில் பத்து நிமிடம் சரளமாகப் பேசுகிற நம் இளையர்கள், இந்த ஓர் இடத்தில் மட்டும் ஆங்கிலத்துக்குத் தாவுகிறார்கள். 'ஆட்' என்னும் ஈரெழுத்து ஆங்கிலச் சொல்லை நீண்ட குறிச்சொற்களுக்கு நடுவே செருகிவிடுகிறார்கள். தமிழில் எழுதுவோரும் 'இணைந்து வழங்குவது', 'கூட்டு முயற்சி' என்று மங்கலான சொற்களையே நாடுகிறார்கள். கூட்டு முயற்சி என்றால் இருவர் சேர்ந்து வயல் உழுதது போலல்லவா இருக்கிறது? 'இது கட்டணம் பெற்ற விளம்பரம்' என்று நான்கே சொற்களில் சொல்லிவிடலாம். வல்லினம் மிகுமா என்ற ஐயத்துக்குக்கூட அதில் இடமில்லை.

இனி நிறுவனங்களின் பக்கம் வருகிறேன். 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 3.3 விழுக்காடு. 2020இல் அது 2.5 விழுக்காடு. வரவுசெலவுக் கணக்குப் பார்க்கும் மேலாளருக்கு இது சிறிய எண். ஆகவே தமிழ் அவருக்குத் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்புதான் நினைவுக்கு வரும். படம், இசை, ஆங்கில வாசகம் எல்லாம் முடிந்த பிறகு, கடைசி நாள் மாலையில் மொழிபெயர்ப்பு கேட்டு ஒரு மின்னஞ்சல் வரும். 'உங்கள் தீபாவளியை ஒளியூட்டுங்கள்' என்பதைப் போன்ற வாசகங்கள் பிறப்பது அந்த மாலைப் பொழுதில்தான். ஒளியூட்டுவது தீபாவளிக்கா, தீபாவளியையா என்று கேட்க அங்கே ஆளில்லை. எழுத்துகளை அடுக்கும் மென்பொருள் தமிழுக்கென அமைக்கப்படாவிட்டால், ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றுகொள்ளும். அந்தப் படத்தைத் தமிழறியாத ஐவர் பார்த்து ஒப்புதல் தருவார்கள்.

2014ஆம் ஆண்டில் லாவ் பா சாட் உணவு நிலையத்துக்கு வழிகாட்டும் பலகை ஒன்றில் நேர்ந்ததை உங்களில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். 'சாட்' என்பதைச் சனிக்கிழமையின் ஆங்கிலச் சுருக்கமாக எண்ணி, 'லாவ் பா சனி' என்று தமிழில் எழுதிவிட்டார்கள். பசியோடு போகிறவருக்குச் சனி! நாம் சிரித்தோம், பலகையும் திருத்தப்பட்டது. ஆனால் பிழையைவிட என்னை உறுத்துவது வேறொன்று. ஒரு தமிழர் அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் போதும். படிப்பதற்கென்று எழுதப்படாத தமிழ் அது. நான்காம் வரியை நிரப்ப வைத்த தமிழ்.

சொல்லில் மட்டுமா இது நேர்கிறது? 2019ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளியான மின்கட்டணச் சேவை விளம்பரத்தில், சீன நடிகர் ஒருவரே நான்கு வேடங்களில் தோன்றினார். ஒரு வேடத்துக்காக அவருடைய தோல் கருநிறமாக்கப்பட்டது, சட்டையில் 'கே. முத்துசாமி' என்ற பெயர்ச்சீட்டு இருந்தது. எதிர்ப்பு எழுந்ததும் விளம்பரம் மீட்டுக்கொள்ளப்பட்டது. தயாரித்தவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். இணைய நடத்தை விதிகளை அது மீறவில்லை என்று அதிகாரிகள் கண்டார்கள். இருக்கட்டும். விதி வேறு, மனம் வேறு. எல்லா இனத்தவருக்கும் உரிய சேவை என்று காட்ட நினைத்தவர்களுக்கு ஒரு முத்துசாமியை அழைக்கத் தோன்றவில்லையே என்பதுதான் என் வருத்தம். மெய்ம்மை என்பதற்கு உடலைக் காட்டி நம் ஆசிரியர்கள் சொன்ன விளக்கம் எனக்கு அன்று நன்றாகவே புரிந்தது.

மனநிறைவு தருகிற ஒன்றையும் சொல்கிறேன். லிட்டில் இந்தியாவில் ஒரு சிறிய சேலைக்கடை. உரிமையாளர் அம்மையார் நாள்தோறும் கடை திறந்ததும் கைப்பேசியை ஒரு துணிக்கட்டின்மீது சாய்த்து வைத்துவிட்டுப் பேசத் தொடங்குவார். எழுதிவைத்த வாசகம் எதுவும் இல்லை. ஒருநாள் சிவப்புச் சுங்குடிச் சேலையை விரித்துக் காட்டி, "இது முதல் சலவையில சாயம் கொஞ்சம் போகும். வெள்ளைத் துணியோட போட்டுட்டு என்கிட்ட சண்டைக்கு வராதீங்க" என்றார். எந்த விளம்பர நிறுவனமும் அந்த வரிக்கு ஒப்புதல் தராது. நானாக இருந்தால் முதலில் அதைத்தான் வெட்டியிருப்பேன். அன்று மாலைக்குள் அந்தச் சேலைகள் விற்றுத் தீர்ந்தன என்று பிறகு அவரே சொன்னார். அவர் பேசியது சிங்கப்பூர்த் தமிழ். சென்னைத் திரைப்படத் தமிழும் இல்லை, செய்தி வாசிக்கும் தமிழும் இல்லை. சொன்னது பொய்யானால் மறுநாள் அவருடைய கடை வாசலிலேயே போய்க் கேட்கலாம். பெரிய நிறுவனங்கள் எவ்வளவு செலவிட்டாலும் வாங்க முடியாதது அந்த வாசல். அவர்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆங்கில வாசகம் எழுதும் நாளிலேயே, அதே மேசையில், தமிழ் எழுதத் தெரிந்த ஒருவரையும் உட்கார வைக்கலாம். அதற்குத் தனிச் செலவு மிகக் குறைவே.

சென்ற மாதம் என் தாயார் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். ஓர் இளம்பெண் கூந்தல் எண்ணெய் ஒன்றைத் தமிழில் உருகி உருகிப் பாராட்டிக்கொண்டிருந்தார். "இந்தப் பொண்ணு சொந்தமா சொல்லுதா, யாராச்சும் எழுதிக் கொடுத்ததா?" என்று கேட்டார். காணொளியின் மேற்பகுதியில், கட்டணம் பெற்ற பதிவு என்னும் அடையாளம் சிறிய எழுத்தில் இருந்தது. கைப்பேசி ஆங்கிலத்தில் அமைக்கப்பட்டிருந்ததால் அடையாளமும் ஆங்கிலத்திலேயே இருந்தது. அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. நான் தமிழில் படித்துச் சொன்னேன். அந்தத் துணிவில், ஈசூன் அம்மையாரின் கடிதத்தைப் பற்றியும் சொல்லிவிட்டேன். சற்று நேரம் பேசாமலிருந்தார்.

"குழம்பு வைக்கிற முறையை மட்டும் சரியா எழுதியிருந்தே" என்றார்.