கரணையும் விதையும்

 

வெள்ளிவிழா மேடையில் அறிவியல் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். உயிர்களின் இனப்பெருக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். வகுப்பில் இப்பாடம் வந்ததும் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று கூறி அடுத்த பாடத்துக்குத் தாவிவிடும் ஆசிரியர்கள் உளர். கூச்சமே காரணம். வீட்டில் சொல்லித்தர ஆள் உள்ள பிள்ளை எப்படியோ தேறிவிடும். குடும்பத்தில் முதன்முதலாகப் புத்தகம் தூக்கும் பிள்ளை யாரிடம் போய்க் கேட்கும்?

உயிர்கள் பெருகும் வழிகள் இரண்டு. அமீபா தன்னைத்தானே இரண்டாகப் பிளந்துகொள்கிறது. ஈஸ்ட் மொட்டு விடுகிறது. தாய் ஒன்றே, சேய் தாயின் நகல். இது பாலிலா இனப்பெருக்கம். ஆண் அணுவும் பெண் அணுவும் கூடிக் கருவுற்றுப் புதிய உயிர் தோன்றுவது பால் இனப்பெருக்கம். தேர்வுக்கு இவ்வளவு போதும். நமக்குப் போதாது.

கரும்பை எடுத்துக்கொள்வோம். இங்கு அமர்ந்திருப்போரில் கரணை வெட்டாத கை எத்தனை இருக்கும்? இரண்டு பரு உள்ள துண்டாக நறுக்கிச் சேற்றில் அமிழ்த்துகிறோம். பரு முளைத்துப் பயிராகிறது. அதனை 'விதைக்கரும்பு' என்று அழைக்கிறோம். உண்மையில் அது விதையன்று, தண்டே. வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்பு தழைப்பதும் இவ்வகையே. பாடநூல் இதனை 'உடல் இனப்பெருக்கம்' என்கிறது. அச்சொல்லைக் கண்டு அஞ்சும் பிள்ளை, அச்செயலை நம் வயலில் செய்து பழகிய பிள்ளை!

இம்முறையில் ஆதாயம் பெரிது. நல்ல கரும்பு ஒன்று வாய்த்துவிட்டால் அதன் இனிப்பு சற்றும் குன்றாமல் ஆயிரம் ஏக்கருக்குப் பரவும். கேடும் அங்கேயே உள்ளது. வயல் முழுவதும் ஒரே கரும்பின் நகல்கள் எனின், ஒன்றைக் கொல்லும் நோய் அனைத்தையும் கொல்லும். 1845 முதல் சில ஆண்டுகள் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகியபோது ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் மாண்டதற்கு இதுவும் ஒரு காரணம்; கிழங்கை நட்டுக் கிழங்கைப் பெருக்கிய பயிர் அது. நம் காலத்திலும் கண்டோம். 2009-இல் வெளியான கோ 0238 என்னும் கரும்பு, உத்தரப் பிரதேசத்தின் கரும்பு நிலத்தில் பெரும்பகுதியைப் பிடித்து உழவருக்குப் பொருள் ஈட்டித் தந்தது. சில ஆண்டுகளிலேயே செவ்வழுகல் நோய் அதனைப் பற்றிக்கொண்டது.

அப்படியானால் புதிய கரும்பு எங்கிருந்து வரும்? பூவிலிருந்துதான் வரவேண்டும். கரும்புக்கும் பூ உண்டு. தூசி போன்ற நுண்ணிய விதையும் உண்டு. அவ்விதை முளைக்கும் என்பது 1880-களின் இறுதியில் ஜாவாவிலும் பார்படோஸிலும் உறுதிப்பட்டது. வட இந்தியாவில் கரும்பு எளிதில் பூத்து விதை பிடிப்பதில்லை; கோயம்புத்தூரில் பிடிக்கும். ஆதலால் 1912-இல் அங்குக் கரும்பு இனப்பெருக்க நிலையம் நிறுவப்பட்டது. பார்பர் என்னும் ஆங்கிலேயரும் அவரோடு பணிபுரிந்த வெங்கட்ராமனும் அங்கு செய்த ஒரு வேலையை நம் பிள்ளைகள் அறியவேண்டும்.

தடித்து, சாறு மிகுந்து, இனிக்கும் கரும்புக்கு அறிவியலார் இட்ட பெயர் 'உயர்குடிக் கரும்பு'. நான் புனைந்ததன்று, தாவர நூல்களில் உள்ளது. அந்த உயர்குடி வடக்கே பனியையும் வறட்சியையும் தாங்காது. ஆற்றங்கரையில் நாணலோடு நாணலாய் நின்ற பேய்க்கரும்பை ஒருவரும் கரும்பென்றே மதித்ததில்லை. மெலிந்த தண்டு, சாறும் இல்லை. ஆனால் வெயில், வெள்ளம், நோய் அனைத்தையும் தாங்கும். 'வெள்ளை' என்னும் உயர்குடிக் கரும்பின் பூவில் இப்பேய்க்கரும்பின் மகரந்தத்தைச் சேர்த்தனர். 1918-இல் வெளியான கோ 205 அவ்வாறு பிறந்தது. பஞ்சாபின் வயல்களில் நன்கு விளைந்தது. இன்று உலகெங்கும் பயிராகும் கரும்பு வகைகளில் மிகப் பெரும்பாலானவற்றில் அந்தக் காட்டுப்புல்லின் குருதி ஓடுகிறது.

அதே நிலையத்துக்கு 1934-இல் வந்தவர் தலச்சேரியில் 1897-இல் பிறந்த ஜானகி அம்மாள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவ்வம்மையார், கரும்பைச் சோளத்தோடும் மூங்கிலோடும் கூடக் கலந்து பார்த்தார். பெண் என்பதாலும் தீயர் குலத்தில் பிறந்தவர் என்பதாலும் அவர் பட்ட இன்னல்களை அவர் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். கலப்பின் பயனை ஆய்ந்தவரிடமே பிறப்பை விசாரித்த உலகம் இது!

இங்கு ஓர் எச்சரிக்கை. கரும்பில் கலந்தவை இருவேறு இனங்கள். மனிதரில் அப்படி இரண்டு இனம் இல்லை. யாவரும் ஒரே இனமே. கரும்புக் கதையை மனிதர்மேல் அப்படியே ஏற்றுவது அறிவியலாகாது. மனிதருக்கு வேறு கணக்கு உண்டு. நம் உடலணுவில் 46 குரோமோசோம்கள் உள. தாய் 23, தந்தை 23 தருகின்றனர். ஒருவர் தம் 46-இலிருந்து 23-ஐப் பிரித்துத் தரக்கூடிய வகைகள் மட்டும் 83,88,608. ஆகையால் ஒரு வயிற்றுப் பிள்ளைகளும் ஒருவரைப்போல் ஒருவர் இருப்பதில்லை. தன் குலத்தின் குருதி நகல் மாறாமல் வருகிறது என்று பெருமை பேசுவோர் அமீபாவாக இருந்தால் அப்பேச்சுக்கு ஓரளவு பொருள் உண்டு.

தாய்மார்களுக்கு ஒன்று. பெண் பிள்ளை பிறந்தால் மருமகளைப் பழிக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. தாய் தரும் பால் குரோமோசோம் எப்போதும் எக்ஸ். தந்தை எக்ஸ் தந்தால் பெண், ஒய் தந்தால் ஆண். அவரும் வேண்டித் தருவதில்லை, தற்செயலாய் நேர்வது. பழிக்க எவரும் இல்லை.

குளத்து நீரில் வாழும் ஹைட்ரா என்னும் சிற்றுயிரையும் கூறவேண்டும். உணவு மிகுந்திருக்கும்போது அது மொட்டுவிட்டு நகல்களாகப் பெருகும். குளிர் மிகுந்தோ உணவு அருகியோ நெருக்கடி வந்தால் ஆண் அணுவும் பெண் அணுவும் உண்டாக்கிக் கருவை உறுதியான ஓட்டுக்குள் வைக்கும். தாய் மடிந்தாலும் அக்கரு காத்திருந்து வெளிவரும்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிறன்று கழகத்தின் மாலை வகுப்பில் இப்பாடத்தை முழுமையாக நடத்துகிறேன். ஒரு பக்கமும் தாவப்போவதில்லை. பெண் பிள்ளைகளும் வரவேண்டும். விரும்பும் தாய்மார்களும் வரலாம். வரும்போது பருவோடு கூடிய கரணை ஒன்றும், பூத்த செம்பருத்தி ஒன்றும் கொண்டுவாருங்கள்.