பெயர் எழுதப்படாதவர்களின் கணக்கு

(காலனி இரவுப் பள்ளித் தொண்டர்களுக்கும் ஆதரவாளர்களுக்கும் நடந்த பாராட்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய தோழர்கள் 'தொண்டு', 'தியாகம்' என்ற சொற்களைப் பல தடவை சொன்னார்கள். அந்தச் சொற்கள் மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஊர்த்தெருவிலிருந்து ஒருத்தர் சேரிக்கு வந்து நாலு சிலேட்டு கொடுத்தால் அதுக்குப் பேர் தொண்டு. போட்டோ எடுப்பாங்க, பேப்பர்ல வரும். நம்ம வீட்டுப் பெண் பகல் முழுக்க நடவு நட்டுவிட்டு, சாயங்காலம் சேறு காயாத காலோடு வந்து முப்பது பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தால் அதுக்குப் பேரே கிடையாது. "அவளுக்கென்ன, சாயங்காலம் சும்மாதானே இருக்கா" என்பார்கள். பேரில்லாத அந்த வேலையைப் பற்றிப் பேசத்தான் நாம் இன்றைக்குக் கூடியிருக்கிறோம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

பகலில் பள்ளிக்கூடம் இருக்கும்போது இரவுப் பள்ளி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பகல் பள்ளிக்கூடத்தில் நம்ம பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். நான் படித்த பள்ளியில் கடைசி வரிசை எங்களுக்கு. தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாது, ஆனால் கக்கூஸ் கழுவ எங்களைத்தான் கூப்பிடுவார்கள். பாடம் புரியவில்லை என்று எழுந்து நின்று கேட்க யாருக்கு வாய் வரும்? இரவுப் பள்ளியில்தான் முதன்முதலாக முன்வரிசையில் உட்கார்ந்தேன். கேள்வி கேட்டால் அடி விழாது என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். கணக்கு, இங்கிலீஷ் எல்லாம் அதற்கப்புறம் வந்தது.

அந்தப் பள்ளி எதை வைத்து நடந்தது? பாடம் எடுத்த அக்கா ஒருத்தர் மட்டும் நடத்திவிடவில்லை. தன் வீட்டுத் திண்ணையைக் கொடுத்த தாத்தா, மழை வந்தால் தான் படுக்கிற இடத்தையும் விட்டுக்கொடுத்தார். ரேஷனில் வாங்கிய மண்ணெண்ணெயில் கொஞ்சம் இங்கே கொண்டுவந்து ஊற்றிவிட்டு, தன் வீட்டு விளக்கைச் சீக்கிரம் அணைத்துக்கொண்ட ஆயா இருந்தார். "எங்க மேல கை வைக்காம அவங்க மேல கை வைக்க முடியாது" என்று தெருமுனையில் உட்கார்ந்திருந்த அண்ணன்மார் இருந்தார்கள். டவுனிலிருந்து சைக்கிளில் வந்து பாடம் எடுத்த வேறு சாதி வாத்தியார் ஒருவர் இருந்தார். அவர் சொந்தக்காரர்களே அவரைக் கேலி பேசினார்கள். அவர் வருவதை நிறுத்தவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத நம் அம்மாக்கள், பெண் பிள்ளைகள் வீடு திரும்பும்வரை இருட்டில் வாசலில் நின்றார்கள். இவர்களும் தொண்டர்கள்தான். இன்றைக்கு மேடையில் போட்ட பொன்னாடைகளை எண்ணிப் பார்த்தேன். இவர்களில் பாதிப் பேருக்கு அது போய்ச் சேரவில்லை.

நம்ம வரலாற்றில் இது பழைய நோய். ஆல்காட் சென்னையில் 'பஞ்சமர்' பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கியது 1894இல். சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியது 1916இல். தொடங்கியவர் பெயர் நிற்கிறது. நிற்கட்டும், நிற்க வேண்டிய பெயர்கள்தான். விளக்கேற்றியவர், கூட்டிப் பெருக்கியவர், சோறு போட்டவர் பெயர்கள் எங்கே?

இன்னும் பின்னால் போங்கள். புனேயில் சாவித்திரிபாய் பூலேவும் ஜோதிராவ் பூலேவும் 1848இல் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார்கள். 1855இல் உழைக்கிற மக்களுக்கு இரவுப் பள்ளி நடத்தினார்கள். அவர்களோடு நின்றவர் பாத்திமா. 1856இல் உடம்பு சரியில்லாமல் பிறந்த வீட்டுக்குப் போயிருந்த சாவித்திரிபாய் கணவருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். நான் இல்லாததால் பாத்திமாவுக்கு வேலை கூடியிருக்கும், ஆனால் அவர் முணுமுணுக்க மாட்டார் என்று அதில் ஒரு வரி வருகிறது. ஒரு பெண்ணின் இத்தனை உழைப்புக்கும் சாவித்திரிபாய் கையால் எழுதிய சாட்சியாக நாம் காட்டுவது அந்த ஒற்றை வரியைத்தான். அப்படி ஒருவர் இருந்ததே கிடையாது என்று 2025இல் சிலர் துணிந்து எழுதினார்கள். நாம் எழுதி வைக்காவிட்டால், இல்லை என்று சொல்ல அடுத்தவனுக்கு எவ்வளவு வசதி, பாருங்க.

அரசாங்கத்தின் கதை வேறு மாதிரி. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. கல்குவாரிப் பெண்கள் எழுத்துக் கற்றார்கள், சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பெரிய காரியம், மறுக்கவில்லை. கற்றுக் கொடுத்த தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. அப்புறம் கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட இழப்பை ஈடுகட்ட, 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. மாலையில் பாடம் எடுத்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். நாள் கணக்குப் போட்டால் 33 ரூபாய் சொச்சம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினரின் கல்வியைத் தனி அக்கறையோடு வளர்ப்பது அரசின் வேலை என்று அரசியல் சட்டத்தின் 46ஆவது பிரிவு சொல்கிறது. அந்த வேலையைத்தான் நம்ம அக்காமார்கள் இனாமாகச் செய்திருக்கிறார்கள். இதைத் தியாகம் என்று மட்டும் சொல்லிக் கைதட்டிவிட்டுப் போனால், கொடுக்க வேண்டியவன் நம்மோடு சேர்ந்து கைதட்டிவிட்டுத் தப்பித்துவிடுவான். பாராட்டுகிற வாயாலேயே கடனையும் கேட்க வேண்டும்.

அரசாங்கத்தை மட்டும் கேட்டால் போதாது. 1956 மார்ச்சில் ஆக்ராவில் பேசிய அம்பேத்கர், படித்து மேலே வந்தவர்கள் தன்னை ஏமாற்றிவிட்டதாக வேதனைப்பட்டார். அந்தப் பேச்சை நாம் மேடைக்கு மேடை சொல்கிறோம். சொல்கிற நாமே படித்தவர்கள்தான். இந்தத் திண்ணையிலிருந்து போன தம்பி தங்கைகள் ஊருக்கு வருகிறார்கள், பொங்கலுக்கு வருகிறார்கள், சாவுக்கு வருகிறார்கள். பாடம் எடுக்க எத்தனை பேர் வருகிறார்கள்?

ஆகவே மூன்று காரியம் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, ஒரு நோட்டுப் போடுவோம். திண்ணை கொடுத்தவர், எண்ணெய் கொடுத்தவர், காவல் இருந்தவர், பாடம் எடுத்தவர், யார், எந்த வருஷம், என்ன கொடுத்தார் என்று எழுதுவோம். உயிரோடு இருக்கும் பெரியவர்களிடம் இந்த மாதத்துக்குள் கேட்க வேண்டும். அவர்கள் போய்விட்டால் கேட்க ஆள் கிடையாது. இரண்டு, வேலைக்குப் போகிறவர்கள் மாதம் ஒரு நாள் சம்பளத்தை இந்தப் பள்ளிக்குக் கொடுப்போம். பாடம் எடுக்கிற பெண்ணுக்கு அதிலிருந்து ஊதியம் போகட்டும். ஊதியம் கொடுத்தால் தொண்டின் மதிப்புக் குறைந்துவிடும் என்று சொல்கிறவர்கள், முதலில் தங்கள் சம்பளத்தை வேண்டாம் என்று சொல்லிக் காட்டட்டும். மூன்று, காலனிக்கு ஒரு படிப்பகமும் விளக்கும் ஆசிரியரும் கேட்டு அரசுக்கு மனு எழுதுவோம். மனுவோடு அந்த நோட்டின் நகலையும் இணைப்போம். இத்தனை வருஷமாக உங்கள் வேலையைச் செய்தவர்கள் இவர்கள், இந்தாங்க கணக்கு என்று சொல்வோம்.

நோட்டு வாங்கியாகிவிட்டது, மேஜை மேல் இருக்கிறது. முதல் பக்கத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிய ஆயாவின் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறேன். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அறுபது வயதுக்கு மேல் இதே திண்ணையில்தான் அதைக் கற்றுக்கொண்டார்.

நாளைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்குப் பள்ளி உண்டு. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க ஆள் இல்லை. வருகிறவர்கள் போவதற்குள் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஜெய் பீம்.