ஓலை முதல் ஒளித்திரை வரை

(ஏற்காட்டில் நடைபெற்ற பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வளைவுதோறும் காற்றின் குளிர் ஒரு படி கூடுகிறது. சேலம் நகரம் ஒரு படி கீழே இறங்குகிறது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தை உடல் அறிந்தே ஏறுகிறது. அதே மலையைக் கைப்பேசியின் நிலப்படத்தில் காண்போர்க்குச் சேர்வராயன் மலை ஒரு வெளிர்பச்சைப் பரப்பு. இருபது வளைவுகளும் சுருண்டு கிடக்கும் ஒரு மெல்லிய கோடு. உயரம் இல்லை, குளிர் இல்லை, காப்பித் தோட்டத்து மணமும் இல்லை. ஆயினும் வழி விளங்குகிறது. எதை விடுவது, எதைக் காட்டுவது என்னும் இத்தேர்வே திரைவடிவக் கலையின் உயிர்நாடி. கவிதையின் உயிர்நாடியும் அதுவே அன்றோ?

தொடக்கக் காலக் கணினித் திரையில் உருவங்கள் இல்லை. கறுப்புப் பரப்பில் எழுத்துகள் மட்டுமே மின்னின; கட்டளைகளை மனப்பாடமாக அறிந்தவரே கணினியோடு பேச இயன்றது. 1981இல் ஜெராக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்டார்' கணினி அந்நிலையை மாற்றியது. அலுவலக மேசையே திரையில் ஏறியது. தாளும் உறையும் சிறு படங்களாயின. 1984இல் ஆப்பிள் நிறுவனத்தின் 'மெக்கின்டாஷ்' வெளிவந்தபோது, சூசன் கேர் என்னும் ஓவியர் அதற்குரிய படக்குறிகளை வரைந்திருந்தார். சிரிக்கும் கணினி, கைக்கடிகாரம், திரி எரியும் குண்டு ஆகியவற்றை அவர் கட்டத் தாளில், கட்டத்திற்கு ஒரு புள்ளியாக நிரப்பி உருவாக்கினார். புள்ளி வைத்துக் கோலமிடும் தமிழ்ப் பெண்களுக்கு அப்பணியின் நுட்பத்தை விளக்க வேண்டியதில்லை.

அதன்பின் வந்த முப்பது ஆண்டுகளின் வரலாற்றை அணியிலக்கணத்தின் துணைகொண்டு எளிதாக விளக்கலாம். முதற்கட்டம் உவமையின் காலம். 1995இல் வந்த விண்டோஸ் திரையில் பொத்தான்கள் மேடுபோலப் புடைத்திருந்தன, அழுத்தினால் பள்ளமாயின. 2001இன் விண்டோஸ் எக்ஸ்பி, கலிபோர்னியாவின் பசும்புல் குன்று ஒன்றின் ஒளிப்படத்தை உலகெங்கும் கணினி மேசைகளில் விரித்தது. 2007இல் ஐபோன் தோன்றியபின் உவமை உச்சம் தொட்டது. குறிப்பேடு மஞ்சள் தாளாகவே இருந்தது. சில ஆண்டுகளில் நூலகம் மர அலமாரியாகவும் நாட்காட்டி தோல் உறையிட்டதாகவும் தோன்றின. பொருளைக் காட்டி, 'இதைப் போன்றது இது' என்று பயனருக்குக் கற்பித்த காலம் அது.

அடுத்தது உவமைத்தொகையின் காலம். 'மலர் போன்ற விழி' என்பது 'மலர்விழி' எனச் சுருங்கும்போது உருபு மறைகிறது. பழகியவர்க்குப் பொருள் மறைவதில்லை. 2010இல் விண்டோஸ் கைப்பேசியும், 2012இல் விண்டோஸ் எட்டும், 2013இல் ஆப்பிளின் ஐஓஎஸ் ஏழும் நிழலையும் மேடு பள்ளத்தையும் களைந்து தட்டையான வண்ணப் பரப்புகளை நிறுவின. 2014இல் கூகுள் அறிவித்த வடிவமுறை, தட்டைத் தாள்களுக்கு இடையே சிறிது நிழலை மட்டும் மீட்டுத் தந்தது. தோற்றம் தூய்மையாயிற்று. ஆனால் தொகையை விரிக்கத் தெரியாதவர் என் செய்வார்? புடைத்த பொத்தானைக் கண்டால் முதன்முறை கைப்பேசி ஏந்தும் தோட்டத் தொழிலாளியும் அழுத்திப் பார்ப்பார். தட்டையான ஒரு சொல்லைக் கண்டு, அது படிப்பதற்கா அழுத்துவதற்கா என அவர் திகைப்பது அவர் குறையன்று.

2025இல் ஆப்பிள் 'நீர்மக் கண்ணாடி' எனப் பொருள்படும் பெயரில் புதிய தோற்றத்தை அறிவித்தது. பின்னுள்ளதைப் பாதி மறைத்துப் பாதி காட்டும் அத்தோற்றத்தை ஏற்காட்டு ஏரியின்மேல் படியும் காலைப் பனிக்கு ஒப்பிடலாம். பனி அழகியதே, ஆனால் பனியினூடே எழுத்தைப் படிப்பது அரிது என்னும் குறை உடனே எழுந்தது. அழகுக்கும் தெளிவுக்கும் இடையிலான வழக்கு இன்னும் தீரவில்லை.

இவ்வரலாற்றில் தமிழ் எழுத்தின் இடம் யாது?

எழுதும் பரப்பு மாறும்போதெல்லாம் எழுத்தும் மாறியுள்ளது. மெய்யெழுத்துக்குப் புள்ளியைத் தொல்காப்பியம் வகுத்தது. ஓலையில் எழுதியோர், எழுத்தாணி ஓலையைக் கிழிக்கும் என அஞ்சிப் புள்ளியை விட்டனர். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டைத் தெளிவாக்கும் வடிவங்களை வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் தந்தார். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது முதல் ஈய எழுத்து ஆண்டது. 1978இல் தமிழக அரசு பெரியாரின் சீர்திருத்தத்தை ஏற்றபோது, ணை, லை, ளை, னை ஆகியன தம் பழைய துதிக்கையை இழந்து இன்றைய வடிவு பெற்றன.

கணினி வந்தபோது இடர் வேறு வகையில் வந்தது. எட்டுத் துண்மி முறையில் மொத்த இடங்கள் 256. அவற்றுள் பாதியை ஆங்கிலம் முன்பே கொண்டிருந்தது. மீதியில் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி தமிழை அமர்த்தினர். ஒருவரின் கவிதை மற்றொருவர் திரையில் பொருளற்ற குறிக்குவியலாயிற்று. அவ்விருளில் விளக்கேற்றியோர் பெரும்பாலும் கடல் கடந்த தமிழர். மலேசியாவின் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளைப் படைத்தார். ஆப்பிள் கருவிகளில் உள்ள 'தமிழ் சங்கம் எம்என்' எழுத்துருவின் இறுதி ஈரெழுத்தும் அவர் பெயரின் முதலெழுத்துகளே. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை வழங்கினார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி இணையத் தமிழுக்கு வழிவகுத்தார். 1995இல் அந்நாட்டின் நான்மொழிக் கவிதைகள் இணையத்தில் ஏறியபோது தமிழ்க் கவிதையும் உடன் ஏறியது. இணையத்தில் தமிழ் எடுத்துவைத்த முதல் அடிகளில் ஒன்று கவிதையின் அடி என்பதில் இவ்வவை பெருமை கொள்ளலாம்.

1999இல் சென்னை மாநாடு 'தமிழ்99' விசைப்பலகையைத் தந்தது. 1991 முதலே தமிழுக்கு இடம் தந்திருந்த ஒருங்குறியைத் தமிழக அரசு 2010இல் ஏற்றது. விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவைக் கொண்டுவந்தது. 2012இல் 'நிர்மலா' வந்தது. பின்னர் பிரியா இரவிச்சந்திரனின் 'கட்டமரான்' போன்ற எழுத்துருக்கள் எவரும் விலையின்றிப் பயன்படுத்துமாறு வெளிவந்தன. கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலத்திற்குச் சென்று, எழுத்துருவின் பெயராகத் தமிழுக்கே திரும்பியது.

திரைக்குரிய சொற்களிலும் தமிழ் தன் நினைவைப் பொதிந்து வைத்துள்ளது. ஆங்கிலம் எலியைக் கண்ட இடத்தில் தமிழ் சுட்டும் தொழிலைக் கண்டு 'சுட்டி' என்றது. 'கோப்பு' என்னும் சொல் கோத்தலிலிருந்து பிறந்தது. ஓலைகளைத் துளையிட்டுக் கயிற்றில் கோத்த கையின் பழக்கம், இன்று தொடுதிரையில் ஒரு கோப்பைத் திறக்கும் விரலிலும் தொடர்கிறது.

இனி, கவிஞர்கள் கருத வேண்டிய ஒன்று உண்டு. நேரிசை வெண்பாவின் தனிச்சொல் இரண்டாம் அடியின் இறுதியில் நிற்பது. கைப்பேசியின் குறுகிய திரையில் அவ்வடி மடங்கும்போது, தனிச்சொல் கீழே விழுந்து தனியடிபோல் நிற்கிறது. புதுக்கவிதையிலோ, அடியை எங்கே முறிப்பது என்பதே பொருளின் பகுதி. அம்முறிவைத் திரையின் அகலம் தீர்மானிக்குமாயின், கவிஞருக்குத் தெரியாமலே ஒரு திருத்தர் கவிதைக்குள் புகுந்துவிடுகிறார்.

இதற்கு அஞ்சிப் பலர் கவிதையைப் படமாக்கி அனுப்புகின்றனர். அடி காக்கப்படும், ஆனால் படத்துள் அடைபட்ட கவிதையைத் தேடுபொறி எளிதில் காண்பதில்லை, பார்வையற்றோர்க்கு உரக்கப் படிக்கும் மென்பொருளுக்கும் அது பெரும்பாலும் ஊமைப்படமே. பழைய எழுத்துருக்களில் அடைத்த கவிதைகளும் மாற்றப்படாமல் கிடந்தால் அவ்வாறே மௌனமாகும். ஆதலின் மூன்று பணிகள் இன்றியமையாதவை. கவிதை ஒருங்குறி எழுத்தாகவே பேணப்பட வேண்டும். படம் உடன் செல்லலாம். மடங்கிய அடியின் எச்சத்தை உள்தள்ளி அமைத்தால், அது புதிய அடியன்று என்பது விளங்கும். பழைய கோப்புகளை, அவற்றைத் திறக்க வல்லோர் இருக்கும்போதே, மாற்றி வைத்தல் வேண்டும்.

ஓலைச்சுவடியைக் கரையான் தின்றது கண்கூடு. எஞ்சியதைத் தேடி எடுக்க உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராய் நடந்தார். கோப்பு அழிவது எவர் கண்ணுக்கும் படாது. இந்த இலக்கிய வட்டத்தின் பத்தாண்டுப் படைப்புகளுள் எத்தனை இன்று திறக்கின்றன, எத்தனை குறிக்குவியலாகக் கிடக்கின்றன என்று உறுப்பினர்கள் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து பார்ப்பார்களாயின், அதுவே இவ்விழாவின் பயன்மிகு நிறைவாகும்.