"இன்னும் ஓடுதே, ஃபாதர்!"



ஆம்பூர்ப் பக்கம் ஒரு வீடு. கிறிஸ்து பிறப்புக் காலத்தில் ஆண்டுதோறும் அந்த வீட்டை மந்திரித்து வருகிறோம். மூன்று ஆண்டுகள் குளியலறை வரைக்கும் சென்று தீர்த்தம் தெளித்தோம். அங்கே சுவரில் தொங்கிய பழைய கேஸ் கீசரை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

சென்ற ஆண்டு போனபோது அந்த வீட்டுப் பாட்டி, "குளிக்கப் போனா தலை சுத்துது சாமி, காலு துவண்டு போகுது" என்றார். இரத்த அழுத்தம் என்று மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாமும் நெற்றியில் சிலுவை வரைந்து செபித்தோம். உடன் வந்த உபதேசியார்தான் குளியலறையை எட்டிப் பார்த்தார். குளிர் வராமலிருக்க ஜன்னலில் துணியை அடைத்திருந்தார்கள். கீசரைப் போட்டுப் பார்த்தால் சுடர் மஞ்சளாக எரிகிறது. மேலே சுவரெல்லாம் கரி.

தோல் ஷாப்புகளுக்கு நடுவே வளர்ந்த நமக்கு மூக்கின்மேல் நம்பிக்கை அதிகம். தொட்டியில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் விலகிவிடு என்று பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். (அந்த ஹைட்ரஜன் சல்பைடுகூட அளவு மிஞ்சினால் மூக்கையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பித் தொட்டிக்குள் இறங்கக் கூடாது.) சமையல் கேஸுக்கு இயல்பாக வாடை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்றே மெர்காப்டன் கலக்கிறார்கள். ஆனால் போதிய காற்றில்லாமல் அந்த கேஸ் எரியும்போது உண்டாகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் அமரவேண்டிய இடத்தில், அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது அமர்ந்துகொள்கிறது. முதலில் தலைவலி, தலைசுற்றல். பிறகு எழுந்து தாழ்ப்பாளைத் திறக்கக் கை வராது.

"உடனே மாற்றிவிடுங்கள்" என்றோம். மகன் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர். தயங்கினார். "அப்பா போனஸ் பணத்துல வாங்கினது. இன்னும் நல்லாத்தானே ஓடுது, ஃபாதர்?" பணமும் ஒரு காரணம்; அந்த மாதம் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டியிருந்தது. மாதச் சம்பளக்காரரிடம் உடனே என்று சொல்வது நமக்கு எளிது.

2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். முந்தைய நாள் மாலை அந்தச் சுவரும் நின்றுகொண்டுதான் இருந்தது. அன்று பொறுப்பில் இருந்தவர்களை ஊரே கேள்வி கேட்டது. கேட்கவேண்டியதுதான். நம் வீட்டுக் குளியலறையை யார் கேட்பது?

இணைச்சட்டம் 22ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தை இன்று வீட்டில் எடுத்து வாசியுங்கள். புது வீடு கட்டுகிறவர் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாததால் எவரேனும் விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்கிறது. பலியையும் காணிக்கையையும் பேசுகிற அதே நூல் கொத்தனார் வேலையையும் பேசுகிறது. விழுவதற்கு முன்பே கட்டச் சொல்கிறது.

அந்த வீட்டார் மறுநாளே கீசரை நிறுத்திவிட்டார்கள். இரண்டு மாதம் அடுப்பில் வெந்நீர் வைத்து வாளியில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பிறகு தவணையில் ஒரு கரண்ட் கீசர் வாங்கினார்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்த பிறகே போட்டார்கள். கேஸ் கீசரே வேண்டுமென்றால் அதைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு பொருத்துங்கள். சமையலறையில் அடுப்புக்குப் போகிற ரப்பர் டியூபையும் அப்படியே பாருங்கள், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதை வாங்கி, 5 ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும்.

பாட்டிக்கு மாத்திரை தொடர்கிறது, தலைசுற்றல் இல்லை. பழைய கீசரைக் காயலாங்கடையில் போட மகனுக்கு மனம் வரவில்லை. டியூபைக் கழற்றிவிட்டுப் பரணில் வைத்திருக்கிறார். இந்த ஆண்டு மந்திரிக்கப் போனபோது, பாட்டி நம்மை முதலில் குளியலறைக்குத்தான் அழைத்துப் போனார். ஜன்னலில் துணி இல்லை.