ஓய்வெடுத்தும் தீராத சோர்வு

நான் பேங்க் கிளார்க்காக இருந்தவன், டாக்டர் இல்லை. அதனால் எனக்குத் தெரிந்த கணக்குப் பாஷையில் சொல்கிறேன்.

ஆறு மாதத்துக்கு மேல் அசதி. தூங்கி எழுந்தாலும் தெளிவில்லை. ஒருநாள் வீடு ஒதுக்கினால் மறுநாள் படுக்கை. இப்படி இருந்தால் நாள்பட்ட சோர்வு நோயாக இருக்கலாம்.

நார்வேயில் பெர்கன் நகரத்து டாக்டர்கள் ஃப்ளூகேயும் மெல்லாவும் 200 நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். சோற்றிலிருந்து வரும் சர்க்கரை செல்லுக்குள் எரிய ஒரு வாசல் உண்டு. அது சரியாகத் திறக்காததால் உடம்பு அமினோ அமிலங்களை எடுத்து எரிக்கிறதோ என்பது அவர்கள் சந்தேகம். பெண்களின் ரத்தத்தில் அப்படி எரியக்கூடிய அமிலங்கள் குறைந்திருந்தன. ஆண்களிடம் தசைப் புரதம் கரைவதன் அடையாளம் கூடியிருந்தது. சேமிப்புக் கணக்கு முடங்கினால் டெபாசிட்டை உடைத்துச் சாப்பிடுவோமே, அது மாதிரி. இது நோய்க்குக் காரணமா, விளைவா என்பது இன்னும் முடிவாகவில்லை. அதற்குள் புரத டப்பா வாங்க ஓடாதீர்கள். அந்தக் காசுக்கு நம்மூரில் நல்ல சீலா மீன் கிடைக்கும்.

2005-ல் வந்த கோவா ஆய்வு ஒன்று. 2,494 பெண்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் நீண்டநாள் சோர்வு என்றார்கள். எல்லாருக்கும் இந்த நோய் என்றில்லை. ஆனால் ரத்தசோகையோடு அதற்குத் தொடர்பு தெரியவில்லை. மனவேதனையும் கணவனின் கொடுமையும்தான் சேர்ந்து தெரிந்தன.

முதலில் தைராய்டு, சர்க்கரை, ரத்தம் பாருங்கள். எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்தாலும், “சும்மா படுத்திருக்கா, நடந்தா சரியாகும்” என்று வீட்டுப் பெண்களை விரட்டாதீர்கள். உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையை இந்த நோய்க்குத் தரக்கூடாது என்று பிரிட்டனே 2021-ல் சொல்லிவிட்டது.